அப்பாவின் தலைவலிக்காக ஓடியவர்களுக்கு

அன்புடையீர்,

தையல் பிரித்து அப்பா நேற்று வீடு வந்துவிட்டார். பிழைத்தது யார் யாரால் என்று எழுதி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஒன்றரை மாதமாக அப்பாவுக்குத் தலைவலி. சைனஸ் என்றார்கள், கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். காலையில் எழும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முதல் நன்றி, எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பிக்கு. "அக்கா, மூணு வாரமா இதே மாத்திரை வாங்குறீங்க, இனி நான் தரமாட்டேன், பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. தம்பி, மன்னித்துவிடுங்கள்.

அப்புறம், திண்டுக்கல்லில் நர்ஸாக இருக்கும் அத்தை மகள். போனில் அவள் கேட்ட கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை: "மாமா எங்கயாவது தலையில இடிச்சுக்கிட்டாரா?" அப்பா யோசித்துவிட்டு, ஆடி மாதம் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் இடித்ததைச் சொன்னார். ரத்தமே வரவில்லையாம், அதனால் மறந்துவிட்டார். இடது காலில் செருப்பு நிற்காமல் நழுவுகிறது என்று நான் சொன்னதும், "இன்னைக்கே ஸ்கேன் எடுங்க" என்றாள்.

சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், மேலே உள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசாக இடித்தாலும் கசிந்து வாரக்கணக்கில் சேரும் என்று மதுரை மருத்துவர் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். இதயத்துக்காக அப்பா சாப்பிட்டுவந்த, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை கசிவைக் கூட்டியிருக்கும் என்றார். இரண்டு சிறு துளைகள் போட்டு ரத்தத்தை வடித்தார்கள். பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் இருந்ததாம். மறுநாள் காலை அப்பா என் பெயரைச் சரியாகச் சொல்லிக் காபி கேட்டார். அந்த மருத்துவருக்கும், இரவெல்லாம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த செவிலியர்களுக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்த 108 ஊழியருக்கும் நன்றி.

பக்கத்துக் கட்டிலில் மாமியாருக்குத் துணையிருந்த செக்கானூரணி அக்கா, மூன்று நாள் எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்துத் தந்தீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. உங்கள் பிளாஸ்க் எங்களிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டியிலிருந்து ஒரு மகள்