பாடநூலில் கைவைக்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிப் பாடநூல்களின் விலை பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை விவரமெல்லாம் சரிதான். ஆனால் ‘இலவச மின்நூல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழி மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன்.

எங்கள் மாணவர்கள் பாடநூலைக் காசு கொடுத்து வாங்குவதே அபூர்வம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப், சீனியர் விட்டுப்போன நோட்ஸ், தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு கைடு, இவைதான் அவர்களுடைய நூலகம். ஆகவே ‘இலவசம்’ அவர்களுக்குப் புதிதல்ல. பாதி திருட்டுப் பிரதி, மீதி பிழை மலிந்த பிரதி, அவ்வளவுதான். புதிது என்னவென்றால், சட்டப்படியே இலவசமாக, அதுவும் ஆசிரியர் கைவைத்துத் திருத்தலாம் என்ற அனுமதியோடு நல்ல நூல்கள் இருக்கின்றன என்பது. கட்டுரையில் இந்த இரண்டாவது பாதி இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகம் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் கல்லூரிப் பாடநூல்களை வெளியிடுகிறது. 2012இல் வந்த முதல் நூல்களில் இயற்பியலும் ஒன்று. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில், அதாவது உரிமையாளரே எல்லோருக்கும் முன்கூட்டி அனுமதி தந்துவிடும் உரிமத்தில் வந்த நூல் அது. மூலம் இன்னது என்று குறிப்பிட்டு, மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிட்டால், யாரும் நகலெடுக்கலாம், வெட்டி ஒட்டலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம்.

அந்த நூலில் உராய்வு பற்றிய பகுதியில் ஒரு கணக்கு வருகிறது. 62 கிலோ எடையுள்ள ஒருவர் 25 டிகிரி சாய்வுள்ள பனிச்சரிவில் சறுக்கி இறங்குகிறார். உராய்வு விசை 45 நியூட்டன். உராய்வுக் குணகம் எவ்வளவு? கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பனிச்சறுக்கைப் பார்த்தது சினிமாப் பாட்டில்தான். அந்த இடத்தில் லாரியிலிருந்து சாய்வுப் பலகை வழியாக இறக்கும் நெல் மூட்டையை வைத்தால் கணக்கு அவர்கள் கைக்கு வந்துவிடும். அப்புறம் அதையே ஆய்வுக்கூடத்தில் செய்தும் பார்க்கலாம். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டே போனால், மூட்டை நகரத் தொடங்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் ஓய்வுநிலை உராய்வுக் குணகம். ஒரு பலகை, ஒரு சிறு மூட்டை, ஒரு கோணமானி போதும்.

இதை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் காப்புரிமை உள்ள வழக்கமான பாடநூலில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டு என் கணக்கைச் சேர்த்து, தமிழாக்கி, அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் நூலாகவே கொடுக்க முடியாது. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கு பலருக்கு நினைவிருக்கும். பெரிய பதிப்பகங்கள் 2012இல் தொடர்ந்த அந்த வழக்கில், கற்பித்தலுக்காக நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மாணவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் அது நகலெடுப்பதைப் பற்றிய தீர்ப்பு. நூலைத் திருத்தி வெளியிடும் உரிமை அதில் கிடையாது. திறந்த உரிமம் தருவது அந்த உரிமையைத்தான்.

எல்லாத் திறந்த நூலுக்கும் ஒரே விதி என்றும் நினைத்துவிடக் கூடாது. அதே ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் நூல்களை வணிக நோக்கில் பயன்படுத்த முடியாது. திருத்தினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். முதல் பக்கங்களில் இருக்கும் உரிமக் குறிப்பைப் படிப்பது ஐந்து நிமிட வேலை. அதைப் படிக்காமல் இணையத்தில் கண்டதையெல்லாம் ‘ஓப்பன்’ என்று வகுப்புக் குழுவில் போடும் பழக்கம் எங்கள் ஆசிரியர்களிடமும் உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பக்க நூலை ஐந்தங்குலத் திரையில் படி என்பது கொடுமை. ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் முழு நூலின் செலவு மாணவர்களுக்குத் தாங்காது. ஆனால் நமக்குத் தேவையான நான்கு இயல்களை மட்டும் பிரித்து அச்சிட உரிமம் இடம் தருகிறது. துறையே மொத்தமாக அச்சிட்டால் செலவு இன்னும் குறையும். மற்றபடி, அமெரிக்க நூலின் இயல் வரிசை நம் பருவத் தேர்வுக்கான அலகுகளோடு பொருந்தாது. ஆசிரியர் உட்கார்ந்து பொருத்த வேண்டும். உண்மையான செலவு அந்த உழைப்புதான். அதற்கு நேரமும் இல்லை, கணக்கும் இல்லை. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகளில் இதை யார் செய்வார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நம்மிடமே இருக்கும் ஒரு சொத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் படிப்புக்கான நூல்களை நூற்றுக்கணக்கில் தமிழில் வெளியிட்டது. இயற்பியல், வேதியியல், பொருளியல், வரலாறு என்று எல்லாத் துறையும் உண்டு. இன்று அவற்றில் பலவற்றை மின்வடிவில் படிக்க முடிகிறது. நடை இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. காலாவதியானது தகவல்கள் மட்டுமே. ஒவ்வொரு நூலிலும் உரிமம் இன்னது, திருத்தி மறுபடி வெளியிடலாம் என்று அரசு அச்சிட்டுச் சொல்லிவிட்டால், வெற்றுத்தாளிலிருந்து தொடங்காமல் ஆசிரியர்களே அவற்றைப் புதுப்பிக்கலாம். பொதுப்பணத்தில் எழுதப்பட்ட நூல்கள்தானே!

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. பாடத்திட்டத் தாளின் கடைசியில் சம்பிரதாயமாக நான்கு இணைய முகவரிகளைப் போடுவதோடு நிறுத்தாமல், திறந்த உரிம நூல் ஒன்றையாவது முதன்மைப் பாடநூல் பட்டியலில் சேர்த்து, எந்த அலகுக்கு எந்த இயல் என்று எழுதுங்கள். தேர்வுக்கு வராத நூலை மாணவர் தொடமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியரின் உழைப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில், ஆசிரியரின் பணி மதிப்பீட்டில் நூல் மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் உண்டு. திறந்த நூலின் சில இயல்களைத் தமிழாக்கி, உள்ளூர்க் கணக்குகள் சேர்த்து, எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவில் வைக்கும் ஆசிரியருக்கும் அதே தலைப்பில் மதிப்பெண் தரலாம் என்று உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்குள் பல துறைகளில் வேலை தொடங்கிவிடும்.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)