பாண் வண்டிக்கு நடந்தவள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகியும் பதில் போடாததற்குக் காரணம் சொல்லி உன்னை அலுப்பூட்டப் போவதில்லை. என்னிடம் இருக்கிற சாட்டுகள் எல்லாவற்றையும் நீ பத்தாம் வகுப்பிலேயே கேட்டு முடித்துவிட்டாய். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது, தொடர்மாடியின் லிப்ற் பழுதானபடியே நிற்கிறது, நம் கூட்டாளி கட்டையன் இன்னமும் பெண் பார்க்க வேண்டாம் என்றே சொல்லித் திரிகிறான். உனக்கு இரண்டாவது மகன் பிறந்த செய்தியைத் தங்கச்சி சொன்னாள்; தாயும் பிள்ளையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். மகள் நடந்துவிட்டாள்.

இதற்கா ஒரு கடிதம் என்று நீ கேட்பாய். உன் மூத்தவன் பத்தாம் மாதத்தில் எழுந்து நடந்து, பதினோராம் மாதத்தில் உன் மடிக்கணினியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தவன் என்பதால் இந்தச் செய்தியின் அருமை உனக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் மகாராணி 17 மாதம் நிறைந்த பிறகும் தானாக ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பிந்தி வருவதில் தகப்பனை உரித்துப் படைத்திருக்கிறாள் என்று எழுதவும், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய்க் கேற்றடியில் நான் வாங்கிய பிரம்படிக் கதையை மறுபடியும் வெளியே எடுக்கவும் நீ இப்போதே பேனாவைத் தேடுவாய் என்று தெரியும். அந்தப் பகிடியை என் மனைவி உனக்கு முன்னரே சொல்லி முடித்துவிட்டாள்.

அவள் தவழவும் இல்லை. குப்புறப் போட்டால் உலகம் இடிந்துவிட்டது போன்ற கூச்சல். அதற்குப் பதிலாக, ஒரு காலை மடித்து அதன் மேல் இருந்துகொண்டு, மற்றக் காலின் குதியைத் தரையில் ஊன்றி இழுத்து, இருந்த இருப்பிலேயே அரக்கி அரக்கி வீடு முழுவதும் போய்வந்தாள். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டால் விறாந்தையிலிருந்து அவள் வந்து சேருகிற வேகத்துக்கு எங்களில் ஒருவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. காற்சட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் தேய்ந்துபோயின. எழுப்பி நிறுத்தலாம் என்று கமக்கட்டில் பிடித்துத் தூக்கினால், இரண்டு கால்களையும் முன்னே நீட்டி மடித்து, கண்ணுக்குத் தெரியாத கதிரையில் அமர்ந்திருப்பவள் போல அந்தரத்தில் இருந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். முதற்பல் முளைத்ததற்குச் செய்த பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு அன்று தட்டில் வைத்திருந்த புத்தகம், பேனா, காப்பு ஒன்றையும் ஏறெடுத்துப் பாராமல் அம்மாவின் மூக்குக் கண்ணாடியைப் பறித்த ஆள் அல்லவா? தான் நினைத்ததைத்தான் செய்வாள்.

முதலில் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஒரு வயது தாண்டியதும், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எந்தக் கோயில் வாசலில் நின்றாலும் வருகிற முதல் கேள்வி ‘பிள்ளை நடக்கிறாளா’ என்பதாகிவிட்டது. இல்லை என்றவுடன் கேட்டவருடைய முகம் சற்று நீளும். அதன் பின்னர் யோசனைகள் வரிசையாக வரும். அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக் காலையும் மாலையும் தொடையிலிருந்து கணுக்கால் வரை உருவிவிட்டார். மேல்மாடி ஐயா சாதகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கட்டையனின் தாயார், ஊரில் செய்வது போல ஈர மணலில் குழி தோண்டிப் பிள்ளையை இடுப்பளவுக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்றும், ரயில் பாதையைக் கடந்தால் கடற்கரைதானே, வேறு எதற்காக வெள்ளவத்தையில் இவ்வளவு வாடகை கொடுக்கிறாய் என்றும் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

மாமி மட்டும் யோசனையோடு நிற்கவில்லை. காலி வீதியிலுள்ள கடையொன்றில் சக்கரம் பூட்டிய வோக்கர் ஒன்றை விலை பேசி வைத்துவிட்டு வந்தார். அப்போதுதான் உன் நாட்டைத் துணைக்கு அழைத்தேன். கனடாவில் 2004 ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சாமானை விற்கவும் விளம்பரம் செய்யவும் கூடாது, பழையதை இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடாது என்று நீ மூத்தவன் பிறந்த காலத்தில் எழுதியிருந்தாய். அதில் ஏறிய பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு தலையை உடைத்துக்கொண்டதும், அது நடையைச் சீக்கிரப்படுத்துவதில்லை என்பதும் தெரிந்த பின்னர்தான் தடுத்தார்கள் என்று விளக்கினேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘கனடாப் பிள்ளைகளுக்குப் படிக்கட்டு, எங்களுக்கு என்ன, லிப்ற் இருக்கிறதே’ என்றார். பழுதான லிப்ற்றால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த விவாதத்தில் வென்றதுதான்.

ஆனால் இரவில், எல்லாரும் படுத்த பிறகு, பகிடி போய்விடும். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பேன். நிறைக் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டு போனது. ஒன்பதாம் மாதத்து ஊசி, ஒரு வயது ஊசி எல்லாவற்றுக்கும் திகதி விழுந்திருந்தது. நடை பற்றிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006 இல் வெளியிட்ட அட்டவணையை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். சுகதேகியான பிள்ளை தனியே நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீளுமாம். கை ஊன்றித் தவழாமலே நடைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 4 பேர் அளவில் இருந்தார்களாம். அந்த நான்கு பேரையும் அறிமுகமில்லாத உறவினர்களைப் போல நான் நேசிக்கத் தொடங்கினேன். ஆனால் 17.6 என்ற எண் நெருங்க நெருங்க, கணக்குப் பாடத்தில் பெயிலாகும்போதுகூட எனக்கு வராத பயம் வந்தது.

குழந்தை வைத்திய நிபுணரிடம் கொண்டுபோனோம். அவர் அதிகம் பேசாத மனிதர். இடுப்பை விரித்து மடித்துப் பார்த்தார், இரண்டு தொடையிலும் உள்ள மடிப்புகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார், மேசையில் ஒரு பிளம்ஸை, அதாவது உலர்ந்த திராட்சையைப் போட்டு அதை அவள் இரண்டு விரலால் எடுத்து வாயில் போடும் வரை காத்திருந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்புகிறாளா என்று கவனித்தார். பிறகு, குடும்பத்தில் வேறு யாராவது இப்படி அரக்கியதுண்டா என்று கேட்டார். நாங்கள் இல்லை என்று தலையாட்டும்போது பின்னால் நின்ற மாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னுடைய தம்பி, அதாவது உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் பெரிய மனிதர், இரண்டு வயது வரை இருந்தபடிதான் ஊர்ந்தார் என்றார். இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று மனைவி கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்று பதில் வந்தது. அரக்கும் பிள்ளைகள் பிந்தியே நடப்பார்கள், அது குடும்பத்தில் வருவதுண்டு, இன்னும் கொஞ்சக் காலம் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி முச்சக்கர வண்டிக்குள் இருந்து அழுதாள். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு அம்மாவிடம், தங்கச்சி எத்தனை மாதத்தில் நடந்தாள் என்று கேட்டேன். நீ கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்து தோற்றுப்போன அதே தங்கச்சிதான். அம்மாவுக்கு மாதம் தெரியவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவள் அம்மாவின் இடுப்பில் இருந்தாள். அவ்வளவு எனக்கும் நினைவிருக்கிறது, ஏனென்றால் பால்மாப் பேணியைச் சுமந்தவன் நான். அதற்குப் பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு கிடந்த நாட்களில், யாரோ ஒரு வயதானவருடைய பாய் வரை அவள் நடந்து போயிருந்தாளாம். அவர்தான் தூக்கிக்கொண்டு வந்து, ‘உங்களுடைய பிள்ளை நடக்கிறாள்’ என்று அம்மாவிடம் கொடுத்தாராம். ‘முன்னமே நடந்தாளோ, அன்றைக்குத்தான் நடந்தாளோ, யார் கண்டது?’ என்று சொல்லிவிட்டு, அம்மா காய்ந்த உடுப்புகளை மடிக்கப் போய்விட்டார். நான் பதிவேட்டை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.

இப்போது கேள். மாலை நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் பாண் கொண்டுவரும் முச்சக்கர வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். பேத்தோவன் 1810 இல் எழுதிய ‘ஃபியூர் எலீசே’யின் முதல் சில சுரங்களை, கீச்சென்ற ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வருமே, அதேதான். வியன்னாவில் பியானோவுக்கு எழுதியது இங்கே கிம்புலா பணிஸ் என்கிற முதலை வடிவப் பணிஸுக்கு அழைப்பு மணியாகிவிட்டது. பதினெட்டாம் மாத ஊசிக்கு முந்தின கிழமை, மகள் விறாந்தைக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அந்த இசை கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் பொத்தென்று இருந்து அரக்கத் தொடங்குவாள். அன்று இருக்க மறந்துவிட்டாள். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, கதிரையிலிருந்து வாசற்கதவு வரை நடந்துபோய்க் கதவில் முட்டி நின்றாள். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். அம்மாவின் கையிலிருந்த அகப்பையிலிருந்து சொதி தரையில் சொட்டியது. பிள்ளைக்கோ நடந்தது பற்றிய எண்ணமே இல்லை. கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை என்ற கோபம் மட்டும்தான்.

மனைவி வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே குரலில் செய்தியைச் சொன்னோம். அவள் நம்பவில்லை. நடந்து காட்டச் சொன்னால் மகள் இருந்துகொண்டாள். செல்பேசியைப் படம்பிடிக்க நீட்டினால் இரண்டு கையாலும் செல்பேசியைக் கேட்டாள். அடுத்த நாளும் அதே கதை. கிழவியும் மகனும் சேர்ந்து தன்னைச் சமாதானப்படுத்தக் கதை கட்டுகிறோம் என்ற சந்தேகம் மனைவியின் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: அந்த இசையைச் செல்பேசியில் தேடி எடுத்து, வாசற்கதவின் அருகே வைத்து ஒலிக்கவிட்டாள். யாரோ ஒரு பெரிய பியானோ மேதை மிக நேர்த்தியாக வாசித்திருந்தார். மகள் தலையை நிமிர்த்தி ஒரு கணம் கேட்டாள், கதவைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு மறுபடியும் தன் பிளாஸ்திக் கரண்டியிடம் திரும்பிவிட்டாள். பாண் மணம் இல்லாத பேத்தோவனை அவளை நம்பச் செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை உண்மையான வண்டி வந்தது. மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டின் தலைப்பில் குந்தியிருந்தாள். இவள் கதிரையை விட்டாள், ஆடினாள், நடுவில் ஒருமுறை இருந்தாள், தானே கையூன்றி எழும்பி, தாயைக் கடந்து நேரே படிக்கட்டுக்குப் போகப் பார்த்தாள். மனைவி தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். பாண்கார அண்ணைக்குத் தமிழ் அதிகம் வராது, மனைவிக்குச் சிங்களம் அவசரத்தில் வராது. இருந்தாலும் விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது போலும், அன்றைய பணிஸுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. எட்டக்கூடிய உயரம் கூடிவிட்டதால் எங்கள் சாமான்கள் எல்லாம் மேலே மேலே போய்க்கொண்டிருக்கின்றன. என் வீட்டுத் திறப்பு அரிசி வாளிக்குள்ளும், அம்மாவின் விபூதிப் பை சப்பாத்துக்குள்ளும் கிடைத்தன. கீழ்மாடி ஆன்டியின் கதவு திறந்திருந்தால் உள்ளே போய், குளிரூட்டிக்கு முன்னால் நின்று கையை நீட்டுகிறாள். கைபிடிக்க வந்தால் கையை உதறிவிடுகிறாள். ஊசி போட்ட அன்று குடும்ப நல உத்தியோகத்தர் நடை பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறக்கும் முன்னரே மகள் நிறைத் தராசை நோக்கிப் புறப்பட்டுவிட்டதால் அவரே எழுதிக்கொண்டார். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது, ஒரே நாளில் விட்டுவிட்டது.

ஆடிவேல் திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வருவதென்றால் சின்னவனையும் கூட்டிக்கொண்டு வா. எண்ணெய்ப் போத்தலோடு அம்மா தயாராக இருக்கிறார். மகளுக்கு மினுங்குகிற சப்பாத்தோ கீச்சிடுகிற சப்பாத்தோ வாங்கி வந்தாயானால் நம்முடைய நட்பு அத்தோடு முடிந்தது. வேறு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று துடித்தால், குசினி லாச்சிகளுக்கு உள்ளால் பூட்டுகிற கொளுவிகள் அங்கே விற்கும் என்று மனைவி சொல்கிறாள். நல்லதாகப் பார்த்து ஒரு பெட்டி எடுத்து வா. உன் மூத்தவனால் திறக்க முடியாத வகையாக இருந்தால் போதும்.

என்றும் அன்புடன்,
பின்வரிசை வாங்கு நண்பன்