செயலாளர் ஆண்டறிக்கை: துணுக்குத் தொகுப்பைச் சரிபார்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சபையில் வாசிக்கும் அறிக்கை என்பதால் கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்ய வேண்டிய வடிவம், சர்வர் வேலைகளுக்கான சிறு கட்டளைத் துணுக்குகளைத் திரட்டி வைத்திருக்கும் நம் தொகுப்பில் இருக்கிறது.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பெரும்பாலானவை ஒரே வேலையில் கழிந்தன: தொகுப்பிலுள்ள துணுக்குகளைப் புதிதாக நிறுவிய டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் சர்வர்களில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு துணுக்கு எப்போது காலை வாரும் என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும் என்பது சென்ற பொதுக்குழுத் தீர்மானம். அந்தக் குறிப்பை எழுத முடியாதவற்றை நீக்கிவிட்டோம். எழுதிக் கொடுத்தவர்களில் சிலருக்கு இதில் வருத்தம்தான்.

அதிகம் திருத்தப்பட்டது பேக்கப் துணுக்கு. டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் தருவதை, பைப் என்னும் குழாய் வழியாக, அதைச் சுருக்கும் ஜிஸிப்புக்கு அனுப்பும் அந்த ஒற்றை வரி பலரிடமும் இருக்கிறது. பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை வென்றதா என்பதை மட்டுமே, கட்டளைகளை ஓட்டும் பாஷ் பார்க்கும். டேட்டாபேஸ் கடவுச்சொல் மாறி டம்ப் தோற்றாலும், ஒன்றுமில்லாததைச் சுருக்கிவிட்டு ஜிஸிப் வெற்றி என்று பொருள்படும் பூஜ்ஜியத்தைத் திருப்பும். கோப்பு உருவாகும், பெயரில் தேதியும் இருக்கும், அஞ்சல் அமைக்காத சர்வரில், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானும் வாய் திறக்காது. அளவைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: 20 பைட். தலைப்பு 10, வெற்று உள்ளடக்கம் 2, வால் 8. காலி ஜிஸிப்பின் அளவே அதுதான். இப்போது ஸ்கிரிப்டின் முதலில் 'செட் -ஈ -யூ -ஓ பைப்ஃபெயில்' சேர்த்திருக்கிறோம்; பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருப்பதைப் பார்த்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறோம். டம்ப் கட்டளைக்கு 'காம்பேக்ட்' அல்லது 'ஸ்கிப் காமென்ட்ஸ்' கொடுத்திருந்தால் அந்த வரி வராது, கவனிக்கவும்.

இதையே கிரானின் அட்டவணையான கிரான்டேபில் நேரடியாக எழுதியவர்களுக்கு வேறொரு தலைவலி. அங்கே சதவீதக் குறி புது வரியாகக் கொள்ளப்படும். தேதிக்காகப் போட்ட முதல் சதவீதத்திலேயே கட்டளை வெட்டுப்பட்டு, மிச்சமெல்லாம் உள்ளீடாகப் போய்விடும். ஒவ்வொரு குறிக்கு முன்னாலும் பின்சாய்கோடு போடலாம். தனி ஸ்கிரிப்டாக வைத்து அழைப்பது உத்தமம். சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடினால், இந்திய நள்ளிரவு அங்கே முந்தைய நாள் 18:30. அதிகாலை 5:30 வரை எடுக்கும் பேக்கப்பெல்லாம் நேற்றைய தேதியில்தான் சேரும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் பற்றிய பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று: பாஸ்வேர்ட் நுழைவை 'நோ' என்று மாற்றியும் ஏன் கேட்கிறது? அதன் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கான்ஃபிகில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததே செல்லும். உபுண்டுவில் மூலக் கோப்பின் மேல்பகுதியிலேயே, பிற கோப்புகளை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரி உண்டு. கிளவுட் சர்வர்களில் முதல் இயக்கத்தில் சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் எழுதிவைக்கும் 50 என்று தொடங்கும் கோப்பு அந்த வழியாக முந்திக்கொள்கிறது. நம் மாற்றத்தை அதே அடைவில் 10 என்று தொடங்கும் கோப்பில் வைத்தால் தீர்ந்தது. எழுத்துப் பிழை பார்க்க எஸ்எஸ்எச்டி -சிறிய டி. உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று பார்க்க -பெரிய டி. ரீஸ்டார்ட் செய்த பின் பழைய டெர்மினலை மூடாமல், புதிய டெர்மினலில் நுழைந்து பாருங்கள். உபுண்டு 24.04-இல் போர்ட் எண்ணை மாற்றினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது மட்டும் போதாது. டீமன்-ரீலோட் கொடுத்து, இணைப்புக்காகக் காத்திருக்கும் எஸ்எஸ்எச் சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டிஸ்க் நிரம்பியதாக, காலியிடம் காட்டும் டிஎஃப் சொல்லி, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கணக்கில் அவ்வளவு வராவிட்டால், அழித்த லாகை ஏதோ ஒரு புரோசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். 'எல்எஸ்ஓஎஃப் கூட்டல் பெரிய எல் ஒன்று' அதைக் காட்டிக் கொடுக்கும். இடமிருந்தும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் -ஐ போட்டு, கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடு தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவும்.

தமிழுக்கென்று தனிப் பிரிவு இந்த ஆண்டுதான் சேர்ந்தது. தமிழில் பெயரிட்ட கோப்பை, கோப்பு மாற்றங்களைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் \340\256\244 என்று எண்களாகக் காட்டுவது கோளாறல்ல. அந்த மூன்றும் சேர்ந்தால் 'த'. கிட்டின் கோர்.க்வோட்பாத் அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் பெயர் தமிழிலேயே வரும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய எழுத்துக் குறிமுறையான யூடிஎஃப்8 ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் தாங்கும். வழக்கமான தமிழ்க் குறிகளுக்கு 3 பைட் போதும் என்பதால் சோதனையில் பிழை தெரியாது. எமோஜி வந்தால் உடையும். 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்த முந்திரி, காணி, மாகாணி என்ற பின்னக் குறிகளும் 4 பைட்தான். பழைய நிலக்கணக்குகளைத் தட்டச்சு செய்வோர் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாறியே ஆக வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் பகுதிகள் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. அவற்றுக்குச் சிவப்புக் குறி இட்டிருக்கிறோம். அந்தக் குறி உள்ளவற்றை வேலை நடக்கும் சர்வரில் ஓட்ட வேண்டாம். சோதிக்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

நன்றி.

இவண்,
செயலாளர்