மெடியா ஓவியங்களும் படக்குறிப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத் துன்பியல் நாடகக் கதைகளை ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொன்ற மெடியாவின் பகுதிக்கு மூன்று படங்கள் போட்டிருந்தீர்கள்: பழைய ரோமானிய நகரான பாம்பேயின் சுவரோவியம் ஒன்று, பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவாவின் படம், ஜெர்மன் ஓவியர் ஃபாயர்பாக்கின் படம். மூன்றின் கீழும் ‘யூரிபிடிஸ் நாடகக் காட்சி’ என்ற ஒரே குறிப்பு. மூன்றில் ஒன்றுகூட அந்த நாடகத்தில் மேடையில் நடப்பதல்ல.

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸின் ‘மெடியா’ ஏதென்ஸில் அரங்கேறியது கி.மு. 431-இல். பிள்ளைகளை மெடியா கொல்வது வீட்டுக்குள், சபைக்குக் கேட்பது அலறல் மட்டுமே. பிறகு, பாட்டனான சூரியன் கொடுத்த தேரில் அவள் உயரே தோன்றுகிறாள். பிணங்கள் அவளிடமே இருக்கின்றன. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜேசன் கெஞ்சியும் விடுவதில்லை. தேரை எது இழுத்தது என்று வசனத்தில் எங்கும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கும் தாழியைப் பார்க்கலாம். மதுவில் தண்ணீர் கலக்கப் பயன்பட்ட வாயகன்ற தாழி. தென் இத்தாலியில் கி.மு. 400 வாக்கில் செய்தது. நடுவில் கதிர்வீசும் சூரிய வட்டம், அதற்குள் மெடியா. தேரை இழுப்பவை பாம்புகள். பிள்ளைகளின் உடல்களோ கீழே பலிபீடத்தில் கிடக்கின்றன. பக்கத்தில் நரைத்த தலைக் கிழவி அழுகிறாள். நாடகம் வந்து சுமார் முப்பது ஆண்டுகளிலேயே ஓவியன் இவ்வளவு மாற்றிவிட்டான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 330 வாக்கிலான இன்னொரு தென் இத்தாலிய ஜாடியில் கொலையே நம் கண்முன் நடக்கிறது. ஆகவே ‘பண்டைய ஓவியர்கள் கொலையைக் காட்டவே மாட்டார்கள்’ என்ற கட்டுரையின் வரியும் நிற்காது.

அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். பைசாண்டியத்து ஓவியர் திமோமக்கஸ் வரைந்த அயாஸ் (கிரேக்க வீரன்), மெடியா ஆகிய இரண்டு படங்களையும் ஜூலியஸ் சீசர் 80 தாலந்து என்ற பெருந்தொகைக்கு வாங்கி ரோமில் வீனஸ் கோயிலில் வைத்தார் என்று பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அந்த மெடியா அழிந்துவிட்டது. கொலைக்குச் சற்று முந்தைய கணத்தை, கோபமும் தாய்ப்பாசமும் முட்டிக்கொள்ளும் கணத்தை, அந்த ஓவியர் தேர்ந்தெடுத்தார் என்று 1766-இல் ஜெர்மன் விமர்சகர் லெஸ்ஸிங் ‘லாவோகூன்’ நூலில் பாராட்டினார். அவரும் படத்தைப் பார்த்தவரல்ல. பழைய கவிதைகளை வைத்துச் சொன்னார். ஒரு படத்துக்குச் சொன்னதை எல்லாப் படத்துக்கும் விதியாக்கியது பின்னால் வந்தவர்கள்.

நீங்கள் போட்ட பாம்பேய் சுவரோவியத்தைத் திமோமக்கஸின் படம் என்றே எழுதியிருப்பது அடுத்த சிக்கல். அதன் சாயல் இருக்கலாம் என்பதுவரைதான் சொல்ல முடியும். அதில் பிள்ளைகள் எலும்புக் காய்களை வைத்து, நம் தட்டாங்கல் போல ஒரு விளையாட்டில் மூழ்கியிருக்கிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் கிழவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மெடியாவின் கையில் வாள். ஆனால் ‘கோத்த விரல்கள்’ என்று கட்டுரை வருணிப்பது பாம்பேயைப் போன்ற இன்னொரு பழைய நகரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த வேறொரு படத்தை. அதில் மெடியா மட்டுமே இருக்கிறாள், பிள்ளைகள் இல்லை. இரண்டும் நேப்பிள்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

தெலாக்ருவாவின் படத்துக்கு நேர்ந்தது அச்சில் வந்த கேடு. 1838-ஆம் ஆண்டின் மூலப்படம், 260 செ.மீ. உயரம், பிரான்ஸின் லீல் நகரில் உள்ளது. இடம் ஒரு குகை. நாடகத்தில் குகையே கிடையாது. இரு பிள்ளைகளையும் ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மறு கையில் கத்தியோடு, துரத்தி வருபவர்களைத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் கண்களின் மேல் ஒரு கனத்த நிழல் பட்டை விழுகிறது. முகத்தின் கீழ்ப்பாதி வெளிச்சத்தில், பார்வை இருட்டில். படத்தின் அச்சமெல்லாம் அங்கேதான். உங்கள் பக்கத்தில் கறுப்பு அப்பிவிடக் கூடாது என்று வெளிச்சத்தைக் கூட்டியதில் நிழல் கரைந்து, யாரோ ஒரு பெண் அவசரமாக எங்கோ பார்ப்பதுபோல ஆகிவிட்டது. இருண்ட எண்ணெய் ஓவியங்களுக்குத் தாளைக் குறை சொல்லலாம். ஆனால் முழுப்படத்தையும் ஒரேயடியாக வெளுக்க வைப்பது தீர்வாகாது. போதாததற்கு, அது இருக்கும் இடம் கட்டுரையில் ‘லூவ்ர்’ என்றிருக்கிறது. லூவ்ரில் இருப்பது 1862-இல் அவரே மீண்டும் வரைந்த, இதைவிடச் சிறிய படம்.

ஃபாயர்பாக்கின் படத்தை (1870, மியூனிக்) வெட்டியது அதைவிட மோசம். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலம். கத்தி எங்கும் இல்லை. ஒருபுறம் கடற்கரையில் பிள்ளைகளோடு மெடியா, நடுவே முக்காடிட்டு அழும் செவிலி, மறுபுறம் படகைக் கடலில் தள்ளும் ஆட்கள். நீங்கள் தாயையும் பிள்ளைகளையும் மட்டும் வெட்டி எடுத்துப் போட்டதால் அது மாதாவும் குழந்தையுமாகத் தெரிகிறது. செவிலியும் படகும் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் துன்பியல் எதுவும் மிச்சமில்லை.

நாடகத்தோடு நேரடித் தொடர்புள்ள படம்தான் வேண்டுமென்றால், 1898-இல் நடிகை சாரா பெர்னாருக்காக ஓவியர் முகா வரைந்த சுவரொட்டி இருக்கிறது: விரிந்த கண்கள், இரத்தக் கத்தி, காலடியில் பிணங்கள். ஆனால் அதுவும் யூரிபிடிஸ் அல்ல, கத்தூல் மென்தேஸ் எழுதிய பிரெஞ்சு நாடகம்.

திருத்தம் வெளியிடுவதானால் இவ்வளவு போதும். முதல் படம்: பாம்பேய் சுவரோவியம், கி.பி. 1-ஆம் நூற்றாண்டு, நேப்பிள்ஸ். இரண்டாவது: தெலாக்ருவா, 1838, லீல். மூன்றாவது: ஃபாயர்பாக், 1870, மியூனிக், ஒரு பகுதி மட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்