மனுவில் பிள்ளைக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதன்கீழ் நீதிமன்றத்தில் கொடுக்க எழுதி எங்கள் பார்வைக்கு வரும் மனுக்கள் பலவற்றில் பிள்ளைகளைப் பற்றி இருப்பது ‘எங்களுக்கு இரண்டு குழந்தைகள்’ என்ற ஒரு வரிதான். அது பெண்ணின் வழக்கு, பிள்ளைக்கு என்ன என்று வழக்குரைஞர்களே கேட்கிறார்கள்.

அடுத்த அறையில் தூங்குவதாக நாம் நினைக்கும் பிள்ளை தூங்குவதில்லை. பாயை நனைப்பதை எப்போதோ விட்டுவிட்ட ஆறு வயதுப் பிள்ளை மறுபடி நனைக்கும். காலையில் வயிற்றுவலி என்று அழும்; அம்மாவைத் தனியே விட்டுப் போகத்தான் அதற்குப் பயம். கொஞ்சம் பெரிய பிள்ளை, அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே தம்பியை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகும். சில பிள்ளைகள் வகுப்பில் மற்றவர்மேல் கை நீட்டும். ஒதுங்கும் பிள்ளைக்குச் ‘சாது’, அடிக்கும் பிள்ளைக்கு ‘அடங்காதது’ என்று பள்ளி பெயர் வைத்துவிடுகிறது, காரணத்தைக் கேட்பதில்லை.

இவற்றையெல்லாம் மனுவில் தேதியோடு எழுத வேண்டும். இச்சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் பதிவு செய்யும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையான படிவம் 1-இல் பிள்ளைகளின் பெயர், வயது, இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்று தனி இடமே உண்டு. அவசரத்தில் அதைக் காலியாக விடுவதுதான் முதல் தவறு. பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகச் சேர்த்து, பள்ளியின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டால், எதிர்மனுதாரர் அந்தப் பள்ளிக்குள் நுழையக்கூடாது என்று இச்சட்டத்தின் 18ஆம் பிரிவில் உத்தரவு கேட்கலாம். கிடைத்ததும் ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். கையில் காகிதம் இல்லாமல், மாலை நாலு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் தகப்பனை அவரால் தடுக்க முடியாது.

21ஆம் பிரிவில் பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பை, மனுவை விசாரிக்கும் அதே குற்றவியல் நடுவரிடம், அதே மனுவில், விசாரணையின் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். அதற்கென்று தனி வழக்கு வேண்டாம். தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்காகும் என்று தோன்றினால் நடுவர் அதை மறுக்க வேண்டும். பிள்ளையின் பராமரிப்புச் செலவு 20ஆம் பிரிவில் வரும். காத்திருக்க முடியாத நிலை என்றால் படிவம் 3 பிரமாணப் பத்திரத்தோடு 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு; நடப்பில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். இடைக்கால உத்தரவை விட்டுவிடக்கூடாது என்பது அதனால்தான்.

தாய்வீட்டுக்கு வந்த பெண்ணை அடுத்து மடக்குவது டி.சி. என்னும் பள்ளி மாற்றுச் சான்றிதழ். ‘அப்பா கையெழுத்து வேண்டும்’ என்று பழைய பள்ளி சொல்லும். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில், புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காமலும் வைத்திருக்கும். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும், தாமதித்தால் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. டி.சி. இன்னும் வரவில்லை என்பதற்காகப் புதிய அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. வாயால் கேட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தப் பிடிமானம் இல்லை. டி.சி.யையும் பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பாடப் புத்தகங்களையும் இடைக்கால மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098; இரண்டுமே இலவச எண்கள். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்குரைஞரை அமர்த்தித் தரும்.

காவல் நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். சமாதானப் பேச்சு நடக்கும்போது பிள்ளையைப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். ‘அப்பா வேணுமா, அம்மா வேணுமா’ என்று இருவர் முன்னாலும் கேட்கவே கேட்காதீர்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அன்றிரவு அந்தப் பிள்ளை யாரோ ஒருவரோடு வீட்டுக்குப் போயாக வேண்டும்.

இப்படிக்கு,
சட்டத் தன்னார்வலர்கள் சிலர்,
திருச்சி