சவரக் கத்தியும் மருவும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடியில் சலூன் வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதே தொழில்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் சிலர் தாடையில் இருக்கும் மருவைத் தொட்டுக் காட்டி, "அண்ணே, இதையும் அப்படியே ஒரு இழுப்பு இழுத்து விட்ருங்க" என்கிறார்கள். தயவுசெய்து எந்தக் கடையிலும் அப்படிக் கேட்காதீர்கள். தொழிலில் உள்ளவர்களும் யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

மரு வைரஸால் வருவது. மனித பாப்பிலோமா வைரஸ் என்று பெயர். அதில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், தோலுக்குள் இறங்கிவிடும். சவரத்தில் கீறல் விழாத முகம் ஏது? முதலில் நொய் அளவுக்கு ஒன்றே ஒன்று இருக்கும். அதன் மேலேயே கத்தி போய்ப் போய், சில மாதம் கழித்துப் பார்த்தால் கத்தி இழுத்த போக்கிலேயே தாடை ஓரமாக வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையை எத்தனையோ முகங்களில் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். ஒட்டிய உடனே தெரியாது; வெளியே வரப் பெரும்பாலும் 2 முதல் 6 மாதம் ஆகும். அதனால் எங்கே ஒட்டியது என்றே பலருக்குப் பிடிபடுவதில்லை.

பிளேடைப் பாதியாக உடைத்துப் போடுகிறோம். ஒருவருக்குப் போட்ட பாதியை அடுத்தவருக்குப் போடவே கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்தால் போதாதா என்பார்கள். இந்த வைரஸ் ஸ்பிரிட்டுக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது. பிளேடைவிட எனக்குக் கவலை படிகாரக் கல்தான். எல்லார் முகத்திலும் ஒரே கல்லை நனைத்துத் தேய்க்கிறோம், அதுவும் ரத்தம் கசிகிற இடமாகப் பார்த்து. என் கடையில் கல்லை எடுத்துவிட்டேன். படிகாரத் தூளைக் கரைத்து வைத்து, பஞ்சில் தொட்டு ஒற்றுகிறேன்; பஞ்சை உடனே எறிந்துவிடலாம். துண்டும் ஆளுக்கு ஒன்று.

வீட்டில் குதிரை முடி கட்டுவது, சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, நகத்தால் கிள்ளுவது எல்லாம் நடக்கிறது. கிள்ளிய விரலிலேயே நகத்தைச் சுற்றி அடுத்தது முளைக்கும். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது எங்கள் வீட்டிலும் உண்டு. வேண்டுதல் வேண்டுதலாக இருக்கட்டும். சுண்ணாம்பும் பிளேடும் வேண்டாம். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் ஓரிரண்டு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் பரவினால் சாலிசிலிக் அமில மருந்து, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது என்று தோல் மருத்துவரிடம் வழி இருக்கிறது. அந்த அமிலத்தை நீங்களாக வாங்கி முகத்தில் பூசாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் கால் மருவில் கை வைக்கவே கூடாது. நிறம் மாறி, வளர்ந்துகொண்டே போய், ரத்தமும் கசிந்தால் அது மருவாகவே இல்லாமல் இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள்.

மரு இருப்பதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டால், அந்த இடத்தில் கத்தி படாமல் டிரிம்மரால் ஒதுக்கித் தருவோம். மரு உள்ளவரைக் கடைக்குள் விடாமல் திருப்பி அனுப்புவது பெரிய பாவம்.

டெல்டா மாவட்டச் சுகாதாரத் துறையினர், முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு ஊர் ஊராக ஒரு மணி நேரம் இதைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையாக வைத்தால் நல்லது. அன்று எங்களுக்கு விடுமுறை, எல்லாரும் வருவோம்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.