செவ்வாயிலும் காபி போடுவது யார்?

அன்புள்ள செந்திலுக்கு,

நீ எழுதி அனுப்பிய கதை வந்தது, படித்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், அதனால் உட்கார்ந்து டைப் செய்கிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2190-ல் செவ்வாயில் ஒரு குடியிருப்பு, மண்ணுக்கு அடியில் உறைந்து கிடக்கிற பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள், மூச்சு விடுகிற காற்றைக்கூட இயந்திரம்தான் தருகிறது. அங்கே ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் சுமார் 38 சதவீதம் என்பதை எங்கேயும் எழுதாமல், அந்த ஆள் படி ஏறுகிற விதத்திலேயே காட்டிவிட்டாய். பிசிக்ஸ் டீச்சர் பெற்ற பிள்ளைதான் என்று சந்தோஷமாக இருந்தது. அப்புறம் நாலாம் பக்கத்தில் உன் தளபதி கூட்டம் முடிந்து களைத்துப்போய் உள்ளே நுழைகிறான், அவன் மனைவி காபி டம்ளரை நீட்டுகிறாள். அவள் உயிரியல் விஞ்ஞானி என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் கதை முழுக்க அவளுக்குக் கிடைத்தது அந்தக் காபியும் கடைசியில் ஒரு அழுகையும்தான். ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒருநாளாவது போனாளா என்று திரும்பப் புரட்டிப் பார்த்தேன், போகவே இல்லை. காற்று மாறிவிட்டது, மனிதர்களின் எடை மாறிவிட்டது, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த டம்ளர் மட்டும் நம் வீட்டு அடுப்படியிலிருந்து நேராக ராக்கெட் ஏறிப் போயிருக்கிறது!

உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. ஜோனா ரஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1970-லேயே ஒரு கட்டுரையில் இதைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கிற கதைகளில்கூட குடும்பம் என்று வந்தால் அமெரிக்கப் புறநகர் வீடுதான், பெண்ணைப் பற்றிய பிம்பங்கள் ஏராளம், பெண்தான் காணோம் என்று. ரஸ் கொஞ்சம் கடுமையானவர், எனக்குப் பிடிக்கும், உனக்கு முதல் பக்கத்திலேயே கோபம் வந்தாலும் வரும். அதனால் உனக்கு வேறொருவரில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரொக்கேயா சகாவத் ஹுசைன். 1880-ல் வங்காளத்தில், ரங்க்பூர் பக்கம் பைராபந்த் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஜமீன் வீடு, வெளி ஆண் நிழல்கூடப் படாத கடும் பர்தா. வங்காளி எழுத்தை அக்கா சொல்லிக்கொடுத்தார், இங்கிலீஷை அண்ணன் ராத்திரி வீடு அடங்கியபிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கற்றுக்கொடுத்தார். கல்யாணமாகி பாகல்பூரில் இருந்தபோது, டெபுடி மாஜிஸ்ட்ரேட்டான கணவர் சுற்றுப்பயணம் போயிருந்த சமயத்தில், பொழுது போகாமல் இங்கிலீஷில் ஒரு கதை எழுதுகிறார். 'சுல்தானாவின் கனவு' என்று பெயர். அது அச்சானது எங்கே என்று நினைக்கிறாய்? நம் மெட்ராஸில். கமலா சத்தியநாதன் நடத்திய 'இண்டியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில், 1905-ல். ரைட் சகோதரர்கள் பறந்து ரெண்டு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்காது, அந்தக் கதையில் பெண்கள் காரில் ஆகாயத்தில் போகிறார்கள்.

கதை இவ்வளவுதான். சுல்தானா நாற்காலியில் சாய்ந்தபடி இந்தியப் பெண்களின் நிலையை யோசித்துக்கொண்டே கண் அயர்கிறாள், சாரா என்ற தோழி வந்து அவளைப் பெண்களின் நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே தெருவில் ஒரு ஆணும் இல்லை. இவள் கூச்சப்பட்டு நடப்பதைப் பார்த்து எதிரில் வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், என்ன இவள் ஆம்பளை மாதிரி வெட்கப்படுகிறாள் என்று! ஆண்களெல்லாம் வீட்டுக்குள், மர்தானாவில், அதாவது ஆண்களை ஒதுக்கி வைக்கிற பகுதியில். சமையலும் அவர்களுடையது.

சுல்தானா போய்ப் பார்க்கிற முக்கியமான இடங்களில் சமையலறையும் ஒன்று, அதைக் கவனி. காய்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது, புகை இல்லை, புகைபோக்கி இல்லை, கரி இல்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டால் சூரிய வெப்பத்தில் என்கிறாள் சாரா, வெப்பம் வருகிற குழாயைக் காட்டி அங்கேயே ஒன்றைச் சமைத்தும் காட்டுகிறாள். அந்தக் காலத்தில் இது முழுக் கற்பனையும் இல்லை, 1878-லேயே பம்பாயில் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளை வைத்து வெயிலைக் குவித்துச் சோதனை செய்து புத்தகமும் போட்டிருக்கிறார். ஆனால் ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் எரிந்த ஆளுக்குத்தான் அந்தக் கண்ணாடியை எடுத்து அடுப்பங்கரைக்குள் வைக்கத் தோன்றும். ஆகாயக் காருக்கு அவர் சொல்கிற விஞ்ஞானம் கொஞ்சம் உதைக்கிறது. பலகையில் ரெண்டு ஹைட்ரஜன் பந்துகளைக் கட்டி, மின்சாரத்தில் அசைகிற இறக்கைகளை மாட்டினால் அது தூக்குமா தூக்காதா என்று நீயே கணக்குப் போட்டுப் பார். நானாக இருந்தால் பாதி மார்க் போட்டிருப்பேன்.

அப்புறம் அந்தச் சுருட்டுக் கணக்கு. ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு பூத்தையலுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று சுல்தானா கேட்கிறாள். ரெண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவோம் என்கிறாள் சாரா. எங்கள் நாட்டில் அதிகாரிகள் ஏழு மணி நேரம் வேலை செய்கிறார்களே என்று சுல்தானா கேட்டால், சாரா கணக்குப் போடுகிறாள்: ஒரு சுருட்டு எரிந்து முடிய அரை மணி, நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையிலேயே போகிறது. இதைப் படித்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூம்தான் நினைவுக்கு வந்தது. நாலரை மணி அடித்ததும் பெண் டீச்சர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம், சார்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் கல்வித்துறையைச் சீர்திருத்திவிட்டு, சாவகாசமாக, சமைத்து வைத்த வீட்டுக்குப் போவார்கள்.

"பெண்ணியக் கதை என்றாலே ஆணைத் திட்டுறதுதானேம்மா, தலைகீழா மாத்திட்டா சரியாயிடுமா?" என்று நீ பொங்கலுக்கு வந்தபோது கேட்டாயே. அந்தக் கதையில் ஆண்கள் எப்படி உள்ளே போனார்கள் என்று பார். பெண்கள் பல்கலைக்கழகத்தில் மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கவும் வெயிலைச் சேமிக்கவும் வழி கண்டுபிடிக்கிறார்கள், ஆண்கள் அதைக் கேலி செய்துவிட்டுப் படையைப் பெருக்குகிறார்கள். போர் வருகிறது, படை தோற்கிறது. பெண்கள் போருக்கு வெளியே வரவேண்டும் என்றால், பர்தா முறைப்படி ஆண்கள் உள்ளே போகவேண்டும், களைத்துப் போயிருந்தவர்கள் மறு பேச்சு பேசாமல் போகிறார்கள். ரெண்டாயிரம் மாணவிகள் போய் சேமித்த வெயிலை எதிரிமேல் திருப்பி விரட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் போலீஸ் கமிஷனர்களும் ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டுகளும் ராணிக்கு மனு போடுகிறார்கள்: தோற்றது படைக்காரர்கள், அவர்களை அடைத்து வைப்பது நியாயம், நாங்கள் கடமையில் தவறவே இல்லையே, எங்களைத் திரும்ப வேலையில் வையுங்கள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம், அதுவரை இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று ராணியிடமிருந்து சுற்றறிக்கை வருகிறது. இதை எழுதியவரின் கணவர் டெபுடி மாஜிஸ்ட்ரேட், மறந்துவிடாதே! அவர் ஊரிலிருந்து திரும்பி வந்து, நின்றபடியே படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்" என்றாராம். நல்ல மனிதர், அவர் மட்டும் அன்று அதைக் கிழித்துப் போட்டிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

இதில் திட்டு எங்கே இருக்கிறது? உள்ளே போன ஆண்கள் கொஞ்ச நாளில் பழகிப்போய் முணுமுணுப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். பழகிவிட்டால் யாரையும் எதற்குள்ளும் வைக்கலாம் என்பதைப் பெண்களை வைத்துச் சொன்னால் ஒருவருக்கும் உறைக்காது, காலம் காலமாகப் பார்க்கிற காட்சி. மாஜிஸ்ட்ரேட்டை வைத்துச் சொன்னதும்தான் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்காகத்தான் தலைகீழாக மாற்றினாரே தவிர, அப்படி ஒரு நாடு வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை என்பது என் கட்சி. நீ சண்டை போடலாம்.

கணவர் இறந்தபிறகு ரொக்கேயா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1911-ல் கல்கத்தாவில் ஆரம்பித்தபோது எட்டே பேர். பிள்ளைகளை அழைத்துவர பஸ் விட்டார்கள், பர்தா என்பதால் நாலா பக்கமும் அடைத்த பஸ். உள்ளே காற்றே இல்லாமல் பிள்ளைகளுக்கு மயக்கமும் வாந்தியும் வந்ததாம். சரி என்று அடைப்பைக் கொஞ்சம் திறந்து திரை போட்டால், திரை காற்றில் பறக்கிறது, இது பர்தாவா என்று மிரட்டல் கடிதம் வந்தது. இதையெல்லாம் 1931-ல் 'அவரோத்பாசினி' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆகாயத்தில் கார் ஓட்டிய அதே ஆள், செந்தில். தரையில் ஒரு பஸ்ஸுக்கு ஜன்னல் வைக்க முடியவில்லை. எனக்கு அந்தக் கதையைவிட இந்த பஸ்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அப்புறம் நீ மெயிலில் கடைசி வரியாக, "எனக்குப் பெண் பாத்திரம் எழுத வராதும்மா, நான் ஆம்பளை" என்று போட்டிருந்தாய். இந்தச் சாக்கு செல்லாது. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் 1960-களின் கடைசியிலிருந்து அமெரிக்கப் பத்திரிகைகளில் கதைகள் வர ஆரம்பித்தன. ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் தபாலில். பெண்ணாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டபோது, ராபர்ட் சில்வர்பர்க் என்ற பெரிய எழுத்தாளர், இந்த எழுத்தில் தவிர்க்கவே முடியாத ஒரு ஆண்தன்மை இருக்கிறது, அந்தச் சந்தேகமே அபத்தம் என்று 1975-ல் டிப்ட்ரீயின் தொகுப்புக்கே முன்னுரை எழுதினார். மறு வருஷம் டிப்ட்ரீயின் அம்மா இறந்துபோனார், மரணச் செய்தியை வைத்து வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். டிப்ட்ரீ, அறுபது வயதைத் தாண்டிய ஆலிஸ் ஷெல்டன் என்ற அம்மாள். ராணுவத்தில் இருந்தவர், சிஐஏவில் வேலை பார்த்தவர், உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். டிப்ட்ரீ என்பது கடையில் மார்மலேட் பாட்டில் லேபிளில் பார்த்த பெயர். சில்வர்பர்க் பாவம், பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஆண் எழுத்து, பெண் எழுத்து என்று மோப்பம் பிடிக்கத் தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த பாட்டில்தான் கண்முன்னால் வரும்.

கடைசியாக உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர். இவரை நீ படித்திருப்பாய் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் என் அலமாரியில் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள். 1969-ல் வந்த 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' என்ற நாவல். எப்போதும் குளிராகவே இருக்கிற ஒரு கிரகம், அங்கே மாதத்தில் சில நாட்கள் தவிர யாரும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, அந்தச் சில நாட்களிலும் எதுவாக ஆவோம் என்று முன்கூட்டித் தெரியாது. யாரும் கர்ப்பமாகலாம், ராஜாவே கர்ப்பமாகிறார். இவ்வளவு தூரம் யோசித்தவரிடமும் ஒரு ஓட்டை இருந்தது. அந்த முக்கியப் பாத்திரம் அரசியல் செய்கிறது, தப்பி ஓடுகிறது, பனியில் வண்டி இழுக்கிறது, குழந்தையோடு இருப்பதை மட்டும் நாம் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. பிற்பாடு இதை லெ குவினே ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். பார்த்தாயா, பால் வேறுபாட்டையே அழித்துவிட்டு ஒரு கிரகம் கட்டியவருக்கே தொட்டில் விட்டுப்போயிருக்கிறது, உனக்குக் காபி மாட்டிக்கொண்டதில் அதிசயம் என்ன.

ஆக்டேவியா பட்லர் என்ற இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் 1984-ல் ஒரு சிறுகதை எழுதினார், அதில் வேற்றுக்கிரக உயிரின் முட்டைகளை உடம்பில் சுமக்கிறவன் ஒரு பையன். என்னுடைய கர்ப்பிணி ஆண் கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படிக்காதே, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். காபியைத் தளபதியையே போடச்சொல்லி எழுதிவிட்டு, அம்மா சொன்னபடி திருத்திவிட்டேன் என்று அனுப்பாதே, அது ஏமாற்று வேலை. மூணாம் பகுதியில் காற்று வடிகட்டி அடைத்துக்கொள்கிறது இல்லையா, அது தானாகச் சரியாகிவிட்டதாக எழுதிவிட்டாய். யார் சுத்தம் செய்தது? அந்தக் குடியிருப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள், அந்த வடிகட்டி, கழிவுநீர், பாத்திரம், காய்ச்சலில் கிடக்கிற ஆள், இதெல்லாம் யார் முறை என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கதையைத் தொடு. வேலை யார் தலையில் விழுகிறது என்பதை முடிவு செய்துவிட்டால் அங்கே என்ன கருவி கண்டுபிடிக்கப்படும், எதைக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவே தோன்றாது என்பது தானாக வரும். உயிரியல் விஞ்ஞானி அம்மாவுக்கு ஒரு பெயர் வை முதலில், தளபதியின் நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது.

அப்புறம், அவர்களுக்கு ரெண்டு பிள்ளைகள் என்று முதல் பக்கத்தில் வருகிறது. மூத்தவள் பூமியில் படிக்கிறாள். இளையவனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அவன் யாரிடம் இருக்கிறான் என்று அடுத்த தடவை எழுதும்போது சொல்லு. அப்பாவுக்கும் படிக்கக் கொடுத்தேன், எரிபொருள் கணக்கு தப்பு என்கிறார், எங்கே தப்பு என்று தனியாக மெயில் போடுவாராம்.

அன்புடன்,
அம்மா